கடற்கரைக்குக் காவல் வேண்டும்

காலபோக அறுவடை முடிந்து, நெல்லு வீடு வந்து சேர்ந்து, சித்திரைப் புத்தாண்டும் பிறந்துவிட்டால் எம்மவர் கடற்கரையை நாடிப் புறப்படுவர். ஆண்டு முழுதும் வயலோடும் வரம்போடும் போராடிய கமக்காரர் குடும்பங்கள் வாடகை வானில் ஏறி நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் செல்கின்றன. கச்சேரியிலும் கல்லூரியிலும் ஆசுபத்திரியிலும் கடமை புரிவோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே கரைகளுக்குச் செல்கின்றனர். ஆடியிலும் ஆவணியிலும் பிறநாடுகளிற் குடியேறிய உறவினர் வந்துவிட்டால் கூட்டம் இரட்டிக்கின்றது. உழைத்தவன் ஓய்வு கொள்வது உரிமை. அதனை ஆடம்பரம் என்று நாம் கூறோம்.

ஆனால் விடுமுறை முடியும்போது பத்திரிகைகளில் வேறொரு செய்தி வருகின்றது. கடலிற் குளிக்கச் சென்ற இளைஞர் அலையில் அகப்பட்டு மாண்டார். நண்பனைக் காப்பாற்றப் பாய்ந்தவனும் மாண்டான். உடல் மறுநாட் கரையொதுங்கிற்று. ஆண்டுதோறும் இச்செய்தியை வாசிக்கின்றோம். "விதி" என்று ஒரு சொற் சொல்லிப் பக்கத்தைப் புரட்டுகின்றோம். இச்சாவுகளிற் பெரும்பாலானவை விதியால் வருவனவல்ல, அறியாமையாலும் அசட்டையாலும் வருவன என்பதே எமது கருத்து. அறியாமையை நீக்குவது எம்மவர் கடமை. அசட்டையை நீக்குவது ஆள்வோர் கடமை. இரண்டையும் இன்று எடுத்துப் பேச விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு வழக்கின் பொருட்டுக் கிழக்கே சென்றிருந்த நாம், மாலையில் ஒரு குடாவின் கரையில் நின்றுகொண்டிருந்தோம். கடல் குளம்போல அமைதியாயிருந்தது. வன்னியிலிருந்து வந்த ஒரு கமக்காரர் தம் மகனை, காற்றடைத்த இறப்பர் வளையத்தில் இருத்தி விளையாட விட்டிருந்தார். சிறுவனுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அந்த வளையம் தந்தையின் கைக்கெட்டாத் தூரத்துக்குச் சென்றுவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் அவர் குரலுக்கும் எட்டாத் தூரம். கரைவலை இழுத்து முடித்து வலையைக் காயவிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் இருவர் தோணியைத் தள்ளிச் சென்று பிள்ளையைக் கொண்டுவந்தனர். அவர்களில் மூத்தவர் எம்மிடம், "கடல் சாதுதான் ஐயா, காற்றைத்தான் நம்பேலாது" என்றார். சற்றுத் தள்ளி ஒரு விடுதியின் முன்னால் எச்சரிக்கைப் பலகை ஒன்று நின்றது. கரையிலிருந்து வீசும் காற்றில் மிதவைகளைப் பயன்படுத்தற்க என்று அதில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில் மாத்திரம். அந்தத் தந்தையால் அதனை வாசிக்க முடியாது. இக்காட்சியே இவ்வாசிரிய தலையங்கத்துக்குக் காரணம்.

எந்தக் கரைக்கு எப்போது செல்வது என்பதே முதற் கேள்வி. இதற்கு விடை கூறுவது காற்று. இலங்கைத் தீவுக்கு இரண்டு பருவக் காற்றுகள் உண்டு. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் கொந்தளிக்கச் செய்யும். அக்காலத்தில் கல்கிசையிலும் பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் கடலில் இறங்குவது ஆபத்து. அதே மாதங்களில் கிழக்குக் கரை, அக்காற்றுக்கு மறைவிலிருப்பதால், அமைதியாயிருக்கும். மார்கழி முதல் மாசி வரை வாடைக் காற்று இந்நிலையைத் தலைகீழாக்கும். அப்போது திருகோணமலை முதற் பொத்துவில் வரை அலை எழும். தென்மேற்குக் கரை அடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஐப்பசி கார்த்திகை மாதங்கள் வங்காள விரிகுடாவிற் புயல் பிறக்குங் காலம். 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை மறந்தவர் அம்மாவட்டத்தில் இலர். ஆகவே, சித்திரை முதற் புரட்டாதி வரை கிழக்கு. மார்கழி முதற் பங்குனி வரை தென்மேற்கு. இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே பாதி ஆபத்து விலகும். எந்தப் பருவத்தில் எதை விதைப்பது என்று கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கடலுக்கும் அதுபோற் போகம் உண்டு என்பதையே நினைவூட்டுகின்றோம்.

அடுத்தது கரையின் அமைப்பு. எல்லாக் கரையும் ஒரே கரையல்ல. பாசிக்குடா பிறைபோல வளைந்த ஆழமற்ற குடா. அமைதியான காலத்தில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம். காரைநகரின் கசூரினாக் கரையும் வேலணையின் சாட்டிக் கரையும் ஆழங்குறைந்த கடலை நோக்கியவை, அலை குறைவு. சிறு பிள்ளைகளோடு செல்வோர் இத்தகைய இடங்களைத் தெரிவது நன்று. நிலாவெளியும் உப்புவெளியும் நீண்ட திறந்த மணற்கரைகள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இனியவை, வாடைக் காலத்தில் நம்பத்தகாதவை. கல்லடியும் முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கின் மணற்காடும் வங்காள விரிகுடாவை நேரே எதிர்நோக்கி நிற்பவை. அவை நின்று பார்ப்பதற்கும் காற்று வாங்குவதற்கும் உரியவை. நீந்தத் தெரியாதவர் இறங்குவதற்கு உரியவை அல்ல. அறுகம்குடா அலைச்சறுக்கு விளையாட்டினால் உலகப் புகழ் பெற்றது. சறுக்குவோரை அழைக்கும் அலை குளிப்போரைப் புரட்டும் அலை என்பதை அங்கு செல்வோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

புதிய கரையொன்றில் இறங்குமுன் கால் மணித்தியாலம் நின்று பார்ப்பது அறிவுடைமை. அலை தொலைவில் உடைந்து மெல்ல உருண்டு வருமாயின் அடித்தரை சாய்வு குறைந்தது. அலை கரையின் காலடியிலேயே எழுந்து குப்புற விழுந்து உடையுமாயின் அங்கே தரை செங்குத்தாக இறங்குகின்றது. நாலடி வைத்தால் ஆழம். இவ்வளவையும் கண்ணாலேயே அறியலாம். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

கடலில் மாள்வோரைச் "சுழி இழுத்துவிட்டது" என்று எம்மவர் சொல்வர். இந்தச் சொல்லிலேயே ஒரு தவறு ஒளிந்திருக்கின்றது. சுழி என்றால் கீழே இழுப்பது என்று எண்ணுகின்றோம். உண்மையில் நிகழ்வது வேறு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த நீர் எங்காவது ஓரிடத்தால் மீண்டும் கடலுக்குத் திரும்பல் வேண்டும். மணற்றிட்டுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய வாய்க்காலால் அது வேகமாக ஓடும். வயலில் வரம்பை வெட்டிவிட்டால் நிறைந்த நீர் எப்படி அவ்வாயால் விரையுமோ அப்படியே இதுவும். இந்நீரோட்டம் மனிதனைக் கீழே இழுப்பதில்லை; வெளியே கொண்டுசெல்கின்றது. கடுமையான வேளைகளில் அதன் வேகம் செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்படும். உலகின் தலைசிறந்த நீச்சல் வீரர் குறுந்தூரம் நீந்தும் வேகமும் அவ்வளவே. அதனை எதிர்த்து நீந்த முயல்பவன் களைத்துச் சாகின்றான். அவனைக் கொல்வது நீரன்று, களைப்பும் திகிலுமே.

இவ்வோட்டத்தைக் கரையில் நின்றே கண்டுகொள்ளலாம். இருபுறமும் அலை வெண்மையாக உடைய, நடுவே மாத்திரம் அலை உடையாமல் நீர் கருமையாகவும் தட்டையாகவும் தோன்றும். நுரையும் சருகும் கடலை நோக்கிச் செல்லும். அறியாதவர் அதுவே அமைதியான இடம் என்று எண்ணி அங்கேயே இறங்குகின்றனர்! அகப்பட்டுக்கொண்டால் முதலிற் செய்யவேண்டியது போராடாதிருத்தல். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோரல் வேண்டும். வலு உள்ளவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டம் தளர்ந்த இடத்தில் அலையோடு கரை சேரலாம். ஓட்டம் ஒடுங்கியது, அதன் அகலத்தைக் கடந்தால் விடுதலை உண்டு.

குளத்தில் நீந்தத் தெரிந்தவன் கடலிலும் நீந்துவான் என்ற நம்பிக்கை எமது விவசாய ஊர்களில் வலுவாக உண்டு. இரணைமடுவிலோ கட்டுக்கரையிலோ நீந்திப் பழகிய இளைஞர் அஞ்சாமற் கடலுள் இறங்குகின்றனர். உப்புநீர் உடலை மிதக்க வைக்கும் என்பது மெய்தான். ஆனால் குளத்தில் அலை இல்லை, ஓட்டம் இல்லை, கரை நாற்புறமும் உண்டு. கடலுக்குக் கரை ஒருபுறம் மாத்திரமே. மது அருந்தியவனும் இருட்டில் இறங்குபவனும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் கடலை அல்ல, தம்மையே அறியாதவர்கள்.

ஒருவன் தத்தளிக்கக் கண்டால் உடனே பாய்வது வீரம் என்று கருதுகின்றோம். ஒருவனைக் காக்கப் பாய்ந்து இருவரும் மூவரும் மாண்ட வரலாறுகள் அவ்வீரத்தின் விலையைக் கூறுகின்றன. மிதக்கக்கூடிய எதையும் எறிதல் வேண்டும். மூடிய வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்று ஓர் உயிரைத் தாங்கும். கயிறோ, முடிந்து நீட்டிய சேலையோ உதவும். கரைவலைத் தொழிலாளரைக் கூவி அழைத்தல் வேண்டும். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரெடுப்பதும் எம்மூர்களில் இன்றும் நடைபெறுகின்றன. அவை பயனற்றவை, கேடும் விளைப்பவை, பொன்னான நிமிடங்களை வீணாக்குபவை. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுதலும் நெஞ்சின் நடுவே அழுத்துதலுமே மருத்துவர் கூறும் வழி. அதனைச் செய்துகொண்டே 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைத்தல் வேண்டும். இம்முதலுதவியைக் கற்பதற்கு அரை நாள் போதும். ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் வாசிகசாலையும் அந்த அரை நாளை ஒதுக்குமா என்று வினவுகின்றோம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. முகத்துவாரங்களிற் குளித்தலாகாது. மழைக்குப் பின் வாவி நிறைந்து கடலுட் பாயும் வேளையில் அங்கே எந்த நீச்சலும் நில்லாது. பொத்துவிற் பகுதிக் களப்புகளில் முதலைகளும் உண்டு. மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதியாதிருக்கக் காலைத் தூக்கி வையாது தேய்த்து நடப்பது கடற்றொழிலாளர் கைக்கொள்ளும் முறை, நாமும் கைக்கொள்ளலாம். சொறி பட்ட இடத்தை மணலாற் தேய்ப்பதும் நன்னீராற் கழுவுவதும் வேதனையைக் கூட்டும். கடல்நீராற் கழுவி, மூச்சு முட்டினால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நிலாவெளிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய வனமாக்கப்பட்டது. அங்குள்ள பவளப் பாறை உயிருள்ளது. அதன்மேல் ஏறி நிற்பவன் பல்லாண்டு வளர்ச்சியை ஒரு மிதியில் அழிக்கின்றான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியை நாம் சொல்லாமலே வாசகர் நினைவர். சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணித்தியாலமும் எவருக்கும் அறிவிக்கப்படாமலே கழிந்தது. சில கரைகளிற் கடல் உள்வாங்கியபோது மக்கள் வியப்போடு அதனைப் பார்க்கச் சென்றனர். இன்று எச்சரிக்கை முறை உண்டு. 2012 ஏப்ரலில் மீண்டும் நிலம் நடுங்கியபோது கரையோர மக்கள் அறிவித்தலின்பேரில் வெளியேறினர். ஆயினும் இயந்திரத்தை மாத்திரம் நம்பியிராது, கடல் வழமைக்கு மாறாக வற்றினால் உடைமையை எண்ணாது மேட்டுக்கு ஓடல் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். புதிய கரைக்குச் செல்பவர் உள்நோக்கிச் செல்லும் பாதை எது என்று முதலிற் பார்த்துவைப்பது நன்று.

இதுவரை மக்கள் கடமையைக் கூறினோம். இனி ஆள்வோர் கடமையைக் கூறுவோம்.

கடற்கரை யாருடையது? எமது நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் வேர் உரோமச் சட்டத்தில் உள்ளது. காற்றையும் ஓடும் நீரையும் போலக் கடலும் கடற்கரையும் மாந்தர் அனைவருக்கும் பொது என்று யுஸ்தினியன் காலத்திலேயே, 1,400 ஆண்டுகளுக்கு முன்பே, அது வகுத்துவிட்டது. எமது நாட்டின் 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வரையறுத்து, அங்கே அனுமதிப் பத்திரமின்றி அபிவிருத்தி வேலை செய்தலாகாது என்கின்றது. சட்டம் இவ்வாறிருக்க, கரைக்குச் செல்லும் ஒழுங்கை மதிலால் மறைக்கப்படுமாயின், மணலிற் கயிறு கட்டி "விருந்தினருக்கு மாத்திரம்" என்று எழுதப்படுமாயின், அதனை எந்தச் சட்டத்தின்கீழ் எழுதினீர் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு.

2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாய் எழுந்தன. விடுதிகளை நாம் வெறுப்பவரல்லர். அவற்றால் எம் இளைஞர்க்கு வேலை கிடைக்குமாயின், எம் கமக்காரரின் மரக்கறிக்கும் அரிசிக்கும் மீனுக்கும் சந்தை கிடைக்குமாயின், அவற்றை வரவேற்போம். ஆனால் 2005இல், ஆழிப்பேரலைக்குப் பின், வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று ஏழைக் கடற்றொழிலாளரிடம் கூறப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது என்பதும் அறிவோம். பாதுகாப்பு என்ற பெயரால் வாடியை அகற்றும் நியாயம் விடுதிக்கும் பொருந்துமாயின் அது நீதி. வாடிக்கு மாத்திரம் பொருந்துமாயின் அது நீதியன்று. கரைவலை இழுக்கும் பாடு இல்லாத கரையில், ஆபத்து வேளையில் தோணி தள்ள எவர் இருப்பர்? மேலே நாம் கூறிய அச்சிறுவனைக் காத்தது எந்தத் திணைக்களமும் அன்று. கரையிற் தொழில் செய்துகொண்டிருந்த இருவரே. கடற்றொழிலாளரைக் கரையிலிருந்து அகற்றுவது குளிக்க வருவோரின் காவலையும் அகற்றுவதாகும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை:

முதலாவதாக, மக்கள் திரளும் ஒவ்வொரு கரையிலும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் விடுமுறைக் காலம் முழுதும் காலை முதல் மாலை வரை நிற்றல் வேண்டும். அவர்கள் அவ்வூர் இளைஞராயிருத்தல் நலம். கரைவலைக் குடும்பங்களிற் பிறந்தவர்க்கு முதலிடம் அளித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, குளிக்கத்தக்க இடம் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளால் எல்லையிடப்படல் வேண்டும். தகாத நாளிற் செங்கொடி ஏற்றப்படல் வேண்டும். கொடியின் பொருளைப் பள்ளிக்கூடங்களிற் கற்பித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படல் வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு 1987இல் திருத்தப்பட்டது. மற்றைய இடங்களில் மொழிப் புறக்கணிப்பு மனத்தைப் புண்படுத்தும். கடற்கரையில் அது உயிரையே கொல்லும். தெற்கிலிருந்து எம் கரைக்கு வரும் சிங்கள விவசாயியின் பிள்ளையும் எம் பிள்ளையைப் போன்றதே. அவனுக்கும் அவன் மொழியில் எச்சரிக்கை கிடைத்தல் வேண்டும்.

நான்காவதாக, கரைக்குச் செல்லும் பொதுப் பாதைகளைப் பிரதேச சபைகள் அளந்து, படமிட்டு, பெயர்ப்பலகை நாட்டி, திறந்து வைத்தல் வேண்டும். காக்கப்படாத உரிமை காலப்போக்கிற் கைநழுவும் என்பதை வழக்கறிஞர் அறிவர்.

ஐந்தாவதாக, நீச்சலும் முதலுதவியும் பள்ளிப் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். நீரில் மூழ்கிச் சாவதைத் தடுப்பதற்கென ஜூலை 25ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் ஒதுக்கியது. மேடைப் பேச்சோடு அந்நாளைக் கழிக்காது, அன்று ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு வகுப்பாவது மிதக்கக் கற்குமாக.

இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கரைக்கு நாலு இளைஞர், இரண்டு மிதவை, ஒரு கயிறு, சில கொடிகள், மூன்று மொழியில் எழுதிய ஒரு பலகை, இவ்வளவே கேட்கின்றோம். விடுதிகளிடமும் வாகனத் தரிப்பிடங்களிலும் வரியும் கட்டணமும் அறவிடும் சபைகளுக்கு இது பெருஞ்சுமையாகாது.

அரசாங்கம் செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை கடற்கரைக்குப் புறப்படும் வானில், சோற்றுப் பானையோடு ஒரு கயிறும் மூடியுள்ள வெறுங்கான் ஒன்றும் ஏறட்டும். போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரை அணுகி, "அண்ணை, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கரையிலிருந்து சோறுண்டு, பிள்ளைகளோடு மணலில் விளையாடி, சென்ற தொகையோடு வீடு திரும்புவதும் நல்ல விடுமுறையே.